கடிதத்துக்குக் கட்டுப்பட்ட பிரதிநிதி

1780-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, சனிக்கிழமை. மழையிலும் சேற்றிலும் பல நாள் பயணம் செய்து களைத்துப்போன ஓர் இளைஞர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு வந்து சேர்ந்தார். வயது 29. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஒல்லியான தேகம். பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காத மெல்லிய குரல்.

அதே தினத்தில் அந்த நகரில் கூடியிருந்த சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 40 காகித டாலர் கொடுத்தால் அது ஒரு வெள்ளி டாலருக்குச் சமம் என்பதே தீர்மானம். யுத்தம் நடத்திக்கொண்டிருந்த ஒரு சர்க்கார், தான் அச்சடித்த பணத்தின் மதிப்பைத் தானே நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்ட நாள் அது!

அந்த இளைஞர்தான் ஜேம்ஸ் மாடிசன். பிற்காலத்தில் அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதியாக இருந்தவர். அமெரிக்க அரசியல் சட்டத்தின் தந்தை என்று சரித்திரம் போற்றுபவர். ஆனால் அந்தப் பெருமைகள் எல்லாம் வருவதற்கு முன்னே, மூன்றரை ஆண்டு காலம் அவருக்கு வாய்த்த வேலை வேறு. கடிதம் எழுதுவது, கடிதத்துக்குக் காத்திருப்பது, வந்த கடிதத்துக்குக் கீழ்ப்படிவது. அந்த வேலையில் அவர் பட்ட பாடுதான் பின்னால் ஒரு தேசத்தின் சட்டமாக உருவெடுத்தது.

மதுவால் போன தேர்தல்

மாடிசன் பிறந்தது 1751-ஆம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி. ஊர், வர்ஜீனியா ராஜ்யத்தில் உள்ள போர்ட் கான்வே. தகப்பனார் பெரிய நிலச்சுவான்தார். புகையிலைத் தோட்டமும், அதில் உழைக்கும் நீக்ரோ அடிமைகளும் அவருக்கு உண்டு. மகன் நியூஜெர்ஸி கல்லூரியில் படித்து 1771-ல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை என்று பெயர் பெற்றது.

1777-ல் அவர் வர்ஜீனியா சட்டசபைத் தேர்தலில் நின்றார். வாக்காளருக்கு மது வாங்கிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அது முறையல்ல என்று மாடிசன் மறுத்துவிட்டார். வாக்காளர் அவரை மறுத்துவிட்டார்கள்! ஆனால் சட்டசபை அவரைக் கைவிடவில்லை. கவர்னருக்கு ஆலோசனை கூறும் கவுன்சிலில் அங்கத்தினராக அவரைத் தேர்ந்தெடுத்தது. முதலில் பேட்ரிக் ஹென்றி, பிறகு தாமஸ் ஜெபர்சன் என்று இரண்டு கவர்னர்களிடம் அவர் பணி புரிந்தார்.

பின்னர் 1779 டிசம்பரில் வர்ஜீனியா அவரைக் காங்கிரசுக்குப் பிரதிநிதியாக அனுப்பியது. அதுவரை கவர்னரின் கடிதங்கள் புறப்படும் இடத்தில் இருந்தவர், இனி அந்தக் கடிதங்கள் வந்து சேரும் இடத்துக்குப் போனார்.

வாளில்லாத சபை

இங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல. பிரிட்டனை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்திய 13 ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடிய சபை. பெரிய ராஜ்யமானாலும் சின்ன ராஜ்யமானாலும் ஒன்றுக்கு ஒரே ஓட்டு. பிரதிநிதிக்குச் சம்பளம் கொடுப்பது ராஜ்யம். உத்தரவு போடுவதும் ராஜ்யம். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அழைத்துக்கொள்வதும் ராஜ்யமே.

சபைக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. ஒரு சிப்பாயைக்கூடக் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. இவ்வளவு பணம் அனுப்புங்கள், இத்தனை ஆள் அனுப்புங்கள், இத்தனை மூட்டை மாவு அனுப்புங்கள் என்று 13 கவர்னர்களுக்கும் கடிதம் எழுதலாம். அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் மறுபடியும் கடிதம்தான்.

வந்து பத்து நாள் ஆவதற்குள் மாடிசன் ஜெபர்சனுக்கு நிலைமையை எழுதினார். பட்டாளம் பட்டினியை நெருங்குகிறது, கஜானா காலி, கடன் கொடுப்பாரும் இல்லை, சபை ஜனங்களைக் குறை கூறுகிறது, ஜனங்கள் சபையைக் குறை கூறுகிறார்கள், பட்டாளமோ இருவரையும் குறை கூறுகிறது என்பது அதன் சாரம்.

பிலடெல்பியாவில் அவர் தங்கியது ஹவுஸ் என்ற அம்மையார் நடத்திய விடுதி. சபை கூடிய மண்டபத்துக்கு நடந்தே போய்விடலாம். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் சாப்பாட்டுச் செலவு 21,000 காகித டாலருக்கு மேல் ஆயிற்று. அவர் ஆடம்பரக்காரர் அல்ல. பணம் அந்த லட்சணத்தில் இருந்தது.

இருநூற்றைம்பது மைல்

பிலடெல்பியாவுக்கும் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டுக்கும் இடையே சுமார் 250 மைல். குதிரைமேல் வரும் தபால்காரன் ஆறுகளைக் கடந்து வரவேண்டும். வழியில் எதிரியின் ஆட்கள் தபால் பையைப் பறிப்பதும் உண்டு. பறித்த கடிதங்களை, நியூயார்க்கில் பிரிட்டிஷார் பாதுகாப்பில் நடந்த பத்திரிகை அச்சிட்டு ஊர் சிரிக்க வைக்கும். ஆகவே மாடிசன் தமது நண்பர்களுக்கு எழுதும்போது ரகசியமான இடங்களில் எழுத்துக்குப் பதில் எண்களை எழுதினார்.

கடிதங்களில் என்னதான் இருந்தது? எல்லாம் இருந்தது. பிரெஞ்சுக் கப்பற்படை எங்கே இருக்கிறது, வர்ஜீனியா எத்தனை ஆள் பாக்கி, யார் கணக்கில் எவ்வளவு செலவு, இப்படிப் பல. சாரடோகா போரில் சரணடைந்த பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்களை வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் அருகே காவலில் வைத்திருந்தார்கள். அந்தக் கைதிகளுக்கு யார் சோறு போடுவது, அவர்களை எந்த ராஜ்யத்துக்கு மாற்றுவது என்பதுகூட இரு பக்கமும் கடிதமாக ஓடியது.

1780 மே 12-ந் தேதி தெற்கே சார்ல்ஸ்டன் நகரம் விழுந்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் சரணடைந்தார்கள். வர்ஜீனியாவின் நிரந்தரப் பட்டாளம் ஏறக்குறைய முழுவதும் அதில் அகப்பட்டுக்கொண்டது. ஆகஸ்டு 16-ந் தேதி காம்டன் போரில் மறுபடியும் தோல்வி. வர்ஜீனியாவின் ஊர்ப்படையினர் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆளும் போயிற்று, ஆயுதமும் போயிற்று.

எதிரி அடுத்தபடி வர்ஜீனியாவுக்கே வந்தான். 1781 ஜனவரி 5-ந் தேதி ரிச்மண்டுக்குள் புகுந்தவர் பெனடிக்ட் ஆர்னால்டு. ஒரு காலத்தில் அமெரிக்கர்களின் வீரத் தளபதி. பிறகு பிரிட்டிஷார் பக்கம் தாவியவர். பீரங்கி வார்க்கும் பட்டறையை அவரது படை எரித்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளும் அழிந்தன. கவர்னர் ஜெபர்சன் உதவி கோரிக் கடிதம் எழுதினார். பிலடெல்பியாவில் மாடிசனும் சக பிரதிநிதிகளும் ஆயுதத்துக்காகவும் பணத்துக்காகவும் மன்றாடினார்கள். ஆனால் அதே ஜனவரி முதல் தேதியில்தான் பென்ஸில்வேனியாப் பட்டாளமே சம்பளம் வராமல் கலகம் செய்திருந்தது. இல்லாத கையிலிருந்து என்ன கொடுப்பது?

ஒரு நதியின் வழக்கு

இந்த நெருக்கடிக்கு நடுவேதான் மாடிசனின் வாழ்க்கையில் ஒரு சோதனை வந்தது. அது ஒரு நதியைப் பற்றியது.

மிஸிஸிபி நதியின் முகத்துவாரம் அப்போது ஸ்பெயின் தேசத்தார் கையில் இருந்தது. வர்ஜீனியாவின் மேற்குக் கோடியான கெண்டக்கியில் குடியேறியவர்கள், விளைந்த தானியத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அந்த நதி ஒன்றே வழி. நதியில் படகு விடும் உரிமையை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது மாடிசனின் உறுதி. ஸ்பெயினில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஜேக்கு அதே கருத்தில் உத்தரவு போயிற்று. அதன் காரணங்களை விளக்கி 1780 அக்டோபரில் நீண்ட கடிதம் வரைந்தவரும் மாடிசன்தான்.

ஒரு மாதத்தில் காற்று மாறியது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிரியின் பிடியில் இருந்தன. யார் கையில் எது இருக்கிறதோ அது அவர்களுக்கே என்று சமாதானம் ஏற்பட்டுவிட்டால் தங்கள் கதி என்ன என்று அவற்றின் பிரதிநிதிகள் நடுங்கினார்கள். நதியைக் கொடுத்தாவது ஸ்பெயினின் உதவியைப் பெறுவோம் என்றார்கள். வர்ஜீனியாவின் இன்னொரு பிரதிநிதியான தியோடோரிக் பிளாண்டும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். தமது கருத்தைக் கவர்னருக்குத் தனியே எழுதியும் அனுப்பினார்.

ஒரே ராஜ்யத்தின் பிரதிநிதிகள் இரு கட்சி! டிசம்பர் 13-ந் தேதி மாடிசனும் பிளாண்டும் சேர்ந்தே கையெழுத்திட்டுக் கவர்னருக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சட்டசபை கட்டளையிடட்டும் என்று கேட்டார்கள். மாடிசன் மனத்துக்குள் என்ன எதிர்பார்த்தார் என்பதில் சந்தேகம் இல்லை. வர்ஜீனியா தன் சொந்த மக்களின் நதியை விட்டுக்கொடுக்காது என்றே நம்பினார்.

சட்டசபை 1781 ஜனவரி 2-ந் தேதி தீர்மானித்தது. ஆர்னால்டின் கப்பல்கள் அப்போது வர்ஜீனியாவின் ஆற்று வாயிலுக்குள் வந்துவிட்டிருந்தன. வேறு வழியே இல்லை என்றால் நதியின் உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்பது கட்டளை.

பிப்ரவரி தொடக்கத்தில் வர்ஜீனியாவின் கட்டளை சபையின் முன் வைக்கப்பட்டது. மாடிசனுக்கு அப்போது இரண்டே வழி இருந்தன. மனச்சாட்சிப்படி எதிர்த்துப் பேசுவது. அல்லது அனுப்பிய ராஜ்யத்தின் சொல்லுக்குத் தலைவணங்குவது. அவர் தலைவணங்கினார். தாம் பாடுபட்டுக் கட்டிய கோட்டையின் கதவை, ராஜ்யத்தின் கட்டளைப்படி தாமே திறந்துவிட்டார். பிப்ரவரி 15-ந் தேதி சபை ஜான் ஜேக்குப் புதிய உத்தரவை அனுப்பியது.

ஆனால் நதி போகவில்லை! செப்டம்பரில் ஜான் ஜே அந்த விட்டுக்கொடுப்பை ஸ்பெயின் மந்திரிகளிடம் சொன்னார். இப்போதே உடன்படிக்கை செய்யாவிட்டால் இது செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஸ்பெயின் ஒப்புக்கொள்ளவில்லை. மாடிசனின் நதி தப்பியது.

அதே ஜனவரி 2-ந் தேதி வர்ஜீனியா சட்டசபை இன்னொரு காரியமும் செய்தது. ஓஹியோ நதிக்கு வடமேற்கே தனக்கு உரிமை உண்டென்று சொல்லிவந்த பரந்த நிலத்தை எல்லா ராஜ்யங்களுக்கும் பொதுவாக விட முன்வந்தது. இதற்காகவே காத்திருந்த மேரிலாந்து ராஜ்யம் இறங்கி வந்தது. 13 ராஜ்யங்களின் கூட்டு ஒப்பந்தம் 1781 மார்ச் முதல் தேதி அமுலுக்கு வந்தது.

கடன்பட்ட பிரதிநிதி

ஒப்பந்தம் வந்தது, பணம் வரவில்லை. பணம் அனுப்பாத ராஜ்யங்களைப் படை கொண்டு வற்புறுத்தச் சபைக்கு அதிகாரம் வேண்டும் என்று மார்ச் மாதமே ஒரு கமிட்டி யோசனை கூறியது. கமிட்டியின் மூன்று பேரில் மாடிசனும் ஒருவர். சபை அதை ஏற்கவில்லை.

ஜூன் 4-ந் தேதி எதிரியின் குதிரைப்படை சார்லட்ஸ்வில்லுக்குள் பாய்ந்தது. ஜெபர்சன் மயிரிழையில் தப்பினார். சட்டசபை மலையைத் தாண்டி ஸ்டான்டன் என்ற ஊருக்கு ஓடிற்று. ஆயினும் அக்டோபர் 19-ந் தேதி அதே வர்ஜீனியா மண்ணில், யார்க்டவுனில், பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். இந்தக் கார்ன்வாலிஸ்தான் 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, பின்னர் திப்பு சுல்தானோடு போர் தொடுத்தவர்.

வெற்றி வந்த பிறகும் கஜானா நிரம்பவில்லை. 1782-ஆம் ஆண்டுச் செலவுக்காகச் சபை ராஜ்யங்களிடம் கேட்ட தொகை 80 லட்சம் டாலர். அந்த ஆண்டு முடியும்போது வந்திருந்தது ஐந்து லட்சம்கூட இல்லை.

வர்ஜீனியா தன் பிரதிநிதிகளுக்கும் பணம் அனுப்பவில்லை. மாடிசன் கவர்னர் அலுவலகத்துக்கும் நண்பர் எட்மண்டு ராண்டால்புக்கும் எழுதி எழுதி அலுத்தார். அவருக்குக் கைகொடுத்தவர் ஹெய்ம் சாலமன். போலந்து நாட்டிலிருந்து வந்து பிலடெல்பியாவில் தரகுத் தொழில் செய்த யூதர். மாடிசன் போய் நின்றபோதெல்லாம் பணம் கொடுத்தார். வட்டி வாங்க மறுத்துவிட்டார். நாட்டுக்கு உழைப்பவரிடம் வட்டியா என்பது அவர் எண்ணம். அந்த உத்தமர் 1785-ல் கடனாளியாகவே கண் மூடினார்.

மறுத்துப் பேசிய நாள்

நாட்டின் கடனைத் தீர்க்க, இறக்குமதிச் சரக்குகளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் சபையே சுங்கம் வசூலிக்கட்டும் என்று 1781-ல் ஒரு திட்டம் வந்தது. 13 ராஜ்யங்களும் சம்மதிக்க வேண்டும். 1782 நவம்பரில் ரோட் தீவு மறுத்தது. டிசம்பரில், முன்பு சம்மதம் தந்த வர்ஜீனியாவும் அதை ரத்து செய்துவிட்டது. சொந்த ராஜ்யத்தின் இந்தச் செய்தி மாடிசனுக்கு இடிபோல் இருந்தது.

1783 ஜனவரி 28-ந் தேதி சபையில் அவர் எழுந்தார். பொது வரி இல்லாமல் நாடு பிழைக்காது என்று பேசினார். சொந்த ராஜ்யத்தின் கருத்துக்கு எதிராகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் மறைக்கவும் இல்லை. பிரதிநிதி தன் ராஜ்யத்தின் சொல்லை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாருடைய நன்மைக்கும் அவன் கடமைப்பட்டவன். சில சமயம் பழிக்கு அஞ்சாமல் தன் அறிவின்படி நடக்க வேண்டும் என்ற கருத்தில் அவர் பேச்சு அமைந்தது.

இரண்டு ஆண்டுக்கு முன் கடிதத்துக்குத் தலைவணங்கியவர் இவர். அன்று பணிந்தது தவறா, இன்று மறுத்தது தவறா? இரண்டிலுமே அவர் நேர்மையாகத்தான் நடந்தார். அன்று ராஜ்யம் கட்டளை கொடுத்திருந்தது. அதுவும் அவர் தாமே கேட்டு வாங்கிய கட்டளை. பிறகு அவர் கண்ட காட்சிகள் அவரை மாற்றின. சம்பளம் இல்லாத சிப்பாய், செல்லாத பணம், பதில் வராத கடிதம். அவற்றின் பலன் விரைவிலேயே கண்முன் வந்தது. ஜூன் 21-ந் தேதி சம்பளம் கேட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு சபை மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். சபை பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்கு ஓடிற்று. அங்கே பத்தடிச் சதுரம்கூட இல்லாத ஓர் அறையில், ஒரே கட்டிலில், மாடிசனும் சக பிரதிநிதி ஜோசப் ஜோன்ஸும் படுத்துறங்கினார்கள்.

அந்த ஆண்டு ஊர் திரும்பும்போது இன்னொரு சோதனை. அவர் பிலடெல்பியாவுக்கு அழைத்து வந்திருந்த பில்லி என்ற அடிமை, சுதந்திரக் காற்றைச் சுவாசித்துவிட்டான். நாம் எந்தச் சுதந்திரத்துக்கு இவ்வளவு ரத்தம் சிந்தினோமோ அதை அவனும் விரும்பினான் என்பதற்காகத் தண்டிக்க முடியுமா என்று மாடிசன் தகப்பனாருக்கு எழுதினார். பில்லியை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. ஆனால் விடுதலையும் செய்யவில்லை. சில ஆண்டு உழைத்த பின் விடுதலை பெறும்படி அங்கேயே விற்றுவிட்டார். நியாயம் அறிந்தும் முழு நியாயம் செய்யாத குறை அவர் வாழ்வு முழுவதும் நீடித்தது. தமது உயிலில்கூட அடிமைகளை அவர் விடுவிக்கவில்லை.

புதிய சட்டம்

1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் செய்ய மாநாடு கூடியது. அதற்கு முன்பே மாடிசன் பழைய ஏற்பாட்டின் குறைகளை வரிசையாக எழுதி வைத்தார். முதல் குறையாக அவர் எழுதியது, சபை கேட்டதை ராஜ்யங்கள் கொடுப்பதில்லை என்பதே. மே முதல் செப்டம்பர் வரை தினமும் மாநாட்டு நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்தார். பிறந்த புதிய சட்டத்தில், மத்திய சர்க்கார் கவர்னர்களைக் கெஞ்ச வேண்டியதில்லை. தானே வரி விதிக்கலாம், தானே படை திரட்டலாம். பிரதிநிதிகளின் சம்பளமும் மத்திய கஜானாவிலிருந்தே என்று ஆயிற்று.

1788 ஜூனில் வர்ஜீனியா மாநாட்டில் அந்தச் சட்டத்தைப் பேட்ரிக் ஹென்றி கடுமையாக எதிர்த்தார். மத்திய சர்க்கார் வந்தால் மிஸிஸிபி நதியை விற்றுவிடும் என்று முழங்கினார். அந்த நதிக்காக உள்ளம் நொந்த மாடிசனே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டம் 89-க்கு 79 ஓட்டில் தப்பிப் பிழைத்தது. மறு ஆண்டு புதிய காங்கிரசில், பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமை மக்களுக்கு உண்டு என்று ஒரு திருத்தம் வந்தபோது, மாடிசன் எதிர்த்தார். அது தோற்றது.

1803-ல் அவர் ஜெபர்சனிடம் வெளிநாட்டு மந்திரியாக இருந்தார். அப்போது அமெரிக்கா லூயிஸியானாவைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. நதியும் முகத்துவாரமும் அமெரிக்காவுக்கே வந்தன.

1809 முதல் 1817 வரை மாடிசன் ஜனாதிபதி. 1812-ல் பிரிட்டனோடு மறுபடியும் யுத்தம் மூண்டது. மாஸசூஸெட்ஸ், கனெக்டிகட் கவர்னர்கள் தங்கள் ஊர்ப்படையை மத்திய சர்க்காரிடம் ஒப்படைக்க மறுத்தார்கள். 1814 ஆகஸ்டு 24-ந் தேதி எதிரிகள் தலைநகர் வாஷிங்டனில் புகுந்து ஜனாதிபதி மாளிகைக்கே தீ வைத்தார்கள். எவ்வளவு நல்ல சட்டம் இருந்தாலும் ராஜ்யங்களின் மனமும் சேர்ந்து வரவேண்டும் என்பதை அவர் மறுபடியும் கண்டார்.

ஓய்வு பெற்றுத் தமது மான்ட்பீலியர் பண்ணையில் இருந்தபோதும் அந்த நதி அவரை விடவில்லை. 1781-ல் வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் நதியை விட்டுக்கொடுத்தது எப்படி என்பது குறித்துப் பால்டிமோரில் வெளியான பத்திரிகை ஒன்றில் தவறான செய்தி வந்தது. 1822 ஜனவரியில், எழுபது வயதுக் கிழவர், பேனாவை எடுத்தார். சம்பவங்களை ஒழுங்காக விவரித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் காயம் ஆறவில்லை!

1836 ஜூன் 28-ந் தேதி, 85-வது வயதில் மாடிசன் காலமானார். மறு ஆண்டு அவர் மனைவி டாலி அம்மையாரிடமிருந்து அவரது சபைக் குறிப்புகளைக் காங்கிரஸ் 30,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஒரு காலத்தில் விடுதிச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கிய பிரதிநிதி எழுதி வைத்த காகிதங்கள் அவை.

அனுப்பியவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது பிரதிநிதியின் கடமை. அந்தச் சொல் நாட்டைக் கெடுக்கும்போது வாய் திறப்பதும் கடமை. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எங்கே என்று மாடிசனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதில் வராத கடிதங்களைப் படித்தும், வந்த கட்டளைகளுக்குப் பணிந்தும் அவராகவே கற்றுக்கொண்டார்.